ஒரு தடவைதான் சொல்வார்

அவரைப் புகழ்ந்து எழுத எனக்கு மனம் வராது. திட்டித் தீர்க்கவும் முடியவில்லை. இத்தனை வருஷமாகத் தொண்டையில் மாட்டிக்கொண்டு கிடக்கிறார். அதனால் எழுதுகிறேன்.

எதையும் ஒரு தடவைதான் சொல்வார். அதுதான் அவர். மற்றதெல்லாம் வெள்ளைச் சட்டையும் மூக்குக் கண்ணாடியும்.

ஒரு நாள் கம்பி வாங்குவதற்காக என்னைப் பம்பாயில் மாட்டுங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வேலை முடிய மத்தியானம் ஆகிவிட்டது. அவருக்குத் தெரிந்த ஹோட்டலில் என்னையும் பக்கத்தில் உட்கார வைத்தார். சாப்பாட்டின் கடைசியில் பரிமாறுகிறவரிடம் மோர் கேட்டார். அந்த ஆள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த மேஜைக்குப் போனான். திரும்பி வரவில்லை. நான் கூப்பிடட்டுமா என்றேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். கொஞ்ச நேரம் வெறும் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தம்ளர் தண்ணீரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டார். முகத்தில் கோபமே இல்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. மோருக்கும் சேர்த்துத்தானே காசு வாங்குகிறான்?

ரயிலிலும் அப்படித்தான். குர்லாவில் இறங்கி மான்கூர்ட் வண்டிக்கு மாறுவோம். வாசலில் நிற்கிறவனிடம் "கொஞ்சம் நகருங்கோ" என்பார். பம்பாயில் யார் நகர்வான்? நகரமாட்டான். இவர் ஒரு காலைப் படியிலும் இன்னொரு காலை ஆகாசத்திலும் வைத்துக்கொண்டு செம்பூர் வரைக்கும் வருவார். நான்தான் முழங்கையால் இடித்து உள்ளே தள்ளுவேன், அவரையும் சேர்த்து.

எங்கள் ஆட்கள் அவரை ஜங் சாப் என்பார்கள். இந்தியில் ஜங் என்றால் துரு, சாப் என்றால் துரை. இரும்பு துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வது அவர் உத்தியோகம். பாலக்காட்டுக்காரர். படித்தவர். எங்களுக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இருந்திருக்காது, அந்தப் பைப் இல்லாவிட்டால்.

அறுபதுகளின் நடுவில் செம்பூருக்கு அந்தப் பக்கம் எண்ணெய்க் கம்பெனி ஒன்று மண்ணெண்ணெய் கொண்டுபோகப் பூமிக்கடியில் இரும்புப் பைப் போட்டது. கம்பெனி பேர் எதற்கு. தேவ்நார் ஓரமாக, உப்புத் தண்ணீர் ஏறி இறங்குகிற சேற்று நிலத்தில் பைப் போயிற்று. காண்டிராக்டரிடம் நாங்கள் தார் கேங். எல்லோரும் திருநெல்வேலிப் பக்கம், தாராவியில் குடியிருப்பு. பைப்பைத் தேய்த்துச் சுத்தம் செய்து, கொதிக்கிற தாரை ஊற்றி, அதன் மேல் நாடா மாதிரிப் பட்டி சுற்றிக் குழியில் இறக்க வேண்டும். இறக்குவதற்கு முன்னால் ஒருத்தன் மெஷினைக் கொண்டுவந்து பைப் நெடுகத் தள்ளிக்கொண்டு போவான். எங்கேயாவது கடுகளவு தார் படாமல் இருந்தால் அந்த மெஷின் பொறி தட்டும். பொறி தட்டினால் எங்களுக்கு வசவு. சம்பளத்திலும் கை வைப்பார்கள். இரும்பு வெளியே தெரியக் கூடாது, தெரியக் கூடாது என்று அடித்து அடித்துப் பழக்கியிருந்தார்கள். எங்கள் மேஸ்திரி தன் வீட்டு ஜன்னல் கம்பிக்குக்கூடத் தார் பூசி வைத்திருந்தார்.

இந்த நிலையில்தான் ஜங் சாப்பின் உலோகக் கட்டிகள் வந்தன. வெளிநாட்டுச் சரக்கு. ஒவ்வொன்றும் ஒரு துணிப்பைக்குள் இருக்கும். பைக்குள் முல்தானி மிட்டி மாதிரி ஒரு பொடி, பொடிக்கு நடுவில் வெள்ளி நிறத்தில் ஓர் உலோகக் கட்டி, கட்டியிலிருந்து ஒரு வயர். பைப்புக்குக் கொஞ்சம் தள்ளிக் குழி தோண்டி, பையோடு இறக்கி, வயரைப் பைப்பில் பற்றவைத்து மூட வேண்டும். வேலை அவ்வளவுதான்.

அதை அவர் மேஸ்திரியிடம் சொன்னார். தார் டிரம் கொதிக்கிறது, பக்கத்தில் குழித் தண்ணீரை இறைக்கிற பம்ப் அலறுகிறது, அந்த இடத்தில் நின்றுகொண்டு, தன் வீட்டுக் கூடத்தில் பேசுகிற குரலில் சொன்னார். ஒரு தடவை. மேஸ்திரி தலையாட்டினார். சட்டையைப் பேன்ட்டுக்குள் விட்டவர் யார் பேசினாலும் மேஸ்திரி தலையாட்டுவார். அன்றைக்கே ஜங் சாப்பைத் ஊருக்கு வெளியே தாணாப் பக்கம் வேறு பைப் லைனுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் திரும்பி வருவதற்குள் இங்கே கட்டியெல்லாம் புதைத்தாகிவிட்டது.

எப்படிப் புதைத்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது. நான் அப்போது முன்னால் பைப் தேய்க்கிற ஆட்களோடு இருந்தேன், எனக்கும் தெரியாது.

அவர் வந்ததும் மண்ணைச் சோதிக்க ஆரம்பித்தார். ஒரு குழாயில் நீல நிறத் தண்ணீர் இருக்கும், அடியில் மர அடைப்பு. அதைப் பைப் போகிற இடத்துக்கு மேலே ஈர மண்ணில் ஊன்றுவார். வயரை மீட்டரில் மாட்டி முள்ளைப் பார்ப்பார். எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். மண்ணுக்கு ஜுரம் பாக்காரு என்பார்கள். ஒரு நாள் ஒருத்தன் கையை நீட்டி, எனக்கும் பாருங்க சார் என்றான். அவர் அதற்கும் சிரித்தார். நல்ல மனுஷன், அதையும் சொல்ல வேண்டும்.

மீட்டர் முள் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நிற்கவில்லை. அதை எங்கள் காண்டிராக்டரின் பெரிய எஞ்சினீயரிடம் சொன்னார். எத்தனை தடவை சொன்னார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

இரண்டு மூன்று மழைக்காலம் போனது. தேவ்நாரில் ரோட்டு வேலைக்காகத் தோண்டியபோது எங்கள் கட்டி ஒன்று வெளியே வந்தது. பெரிய எஞ்சினீயர் ஜீப்பில் வந்தார். கட்டியைத் துடைத்துப் பார்த்தால் பை இல்லை, பொடி இல்லை. கட்டி முழுக்கத் தார் பூசி, பட்டி சுற்றி, முனையை மடித்து ஒட்டி, கல்யாணத்துக்குக் கட்டிக் கொடுத்த பார்சல் மாதிரி இருந்தது. பட்டியைக் கிழித்தால் உள்ளே உலோகம் பளபளவென்று இருந்தது.

பெரிய எஞ்சினீயருக்குச் சந்தோஷம். இத்தனை மழைக்குப் பிறகும் புதுசு போல இருக்கிறதே என்று மேஸ்திரியின் முதுகில் தட்டினார். மேஸ்திரிக்கு அன்றைக்குக் கால் தரையில் படவில்லை. பையைக் கழற்றியது அவர்தான். வெளிநாட்டுச் சாமான் எல்லாம் பொடியிலும் துணியிலும் சுற்றித்தானே வரும், அதைப் பிரித்துத்தானே சாமானை எடுப்போம் என்று நினைத்திருக்கிறார். பொடியைக் கொட்டிவிட்டுத் துணியை ஆட்களுக்குக் கொடுத்திருக்கிறார். நல்ல கெட்டித் துணி. என் அக்கா வீட்டில்கூட அதில் தைத்த தலையணை உறை இருந்தது. வெறும் உலோகத்தை அப்படியே புதைக்க அவருக்கு மனம் வரவில்லை. கடுகளவு இரும்பு தெரிந்தாலே சம்பளத்தில் பிடிக்கிறவர்கள், இவ்வளவு பெரிய கட்டியை அம்மணமாக விட்டால் சும்மா விடுவார்களா? எல்லாவற்றுக்கும் இரண்டு கை தார் பூசியிருக்கிறார். தேவ்நார் லைன் முழுக்க.

ஜங் சாப் குழிக்குள் இறங்கினார். கட்டியைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் சொன்னார்.

"இது இந்நேரம் பாதி கரைஞ்சிருக்கணும்."

பெரிய எஞ்சினீயர் சிரித்தார். நல்லா இருக்கிற சாமான் கெட்டுப்போகவில்லை என்று வருத்தப்படுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று இந்தியில் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அவர் குழியிலிருந்து ஏறி, கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் குர்லா பிளாட்பாரத்தில் நான் கேட்டேன். அவர் எனக்கு விளங்குகிற மாதிரி சொன்னார்.

"ஈர மண்ணு இரும்பைத் திங்கும். தார் பூசினாலும் எங்கயாவது ஒரு கீறல் இருக்கும், அதுவழியாத் திங்கும். இந்தக் கட்டியைப் பக்கத்திலே வெச்சா மண்ணு இதைத் தின்னுண்டு இரும்பை விட்டுடும். கரையறதுதான் இதுக்கு வேலை. தார் பூசினா இதை மண்ணாலே தொட முடியாது. அப்போ எதைத் திங்கும்?"

எனக்குச் சுருக்கென்றது. அந்த லைன் பக்கத்தில்தான் என் அக்கா குடிசை. பைப் புதைத்த மேட்டின் மேல் ஈரம் நிற்காது என்று ஜனங்கள் அதை ஒட்டியே குடிசை போட்டிருந்தார்கள்.

"அப்போ இன்னொரு வாட்டி போய்ச் சொல்லுங்க சார்."

"சொன்னேனே."

"அவிய காதுல விழலை சார்."

"விழுந்தது" என்றார். "விழுந்துதான் சிரிச்சார்."

அப்புறம் வண்டி வந்துவிட்டது.

மேஸ்திரியிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் மறைக்கவில்லை. "சொன்னாரு, இல்லைங்கல. எதுக்குப் பூசணும், எதுக்குப் பூசப்படாதுன்னு அந்தச் சத்தத்துல எவனுக்குக் கேட்டுது? கேக்கலன்னா இன்னொரு வாட்டி வந்து சொல்ல வேண்டியதுதானல? வாயில முத்தா உதிரும்?" என்றார். மேஸ்திரி மேல் எனக்கு ஆயிரம் கோபம் உண்டு. அந்த வார்த்தையில் மட்டும் அவர் பக்கம்தான் நான். தெரியாதவன் தார் பூசினான். தெரிந்தவர் ஒரு தடவை சொல்லிவிட்டுத் தாணாவுக்குப் போனார்.

அடுத்த மழை நின்ற பிறகு அக்கா குடியிருப்பில் கிணற்றுத் தண்ணீரின் மேல் வானவில் கலரில் படலம் கட்டியது. அது பாத்திரம் துலக்கவும் துணி துவைக்கவும் அவர்களாகத் தோண்டிக்கொண்ட குழிக் கிணறு. நான் போன அன்று பெண்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். பழந்துணியைத் தண்ணீரின் மேல் விரித்து, மெல்லத் தூக்கி, தகர டப்பாவில் பிழிகிறார்கள். மண்ணெண்ணெய். ரேஷன் கடையில் வரிசையில் நின்று திட்டு வாங்கி வாங்குகிற மண்ணெண்ணெய் கிணற்றிலேயே கிடைக்கிறது என்று அவர்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அக்கா என்னிடம் ஒரு டப்பா நிறையத் தந்து, "கொண்டு போலே, உங்க ரூம்ல அடுப்பு அணையாம எரியும்" என்றாள். நாலு எட்டுத் தள்ளி அவள் விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் அவள் கைக்குழந்தை.

டப்பாவை வாங்கி வெளியே சாக்கடையில் கொட்டினேன். அக்காவுக்குக் கோபம். அடுப்பை அணைக்கச் சொன்னேன். அணைத்துவிட்டுச் சோறு எப்படிப் பொங்க என்று கேட்டாள்.

அங்கிருந்து நேரே மாட்டுங்காவில் ஜங் சாப் வீட்டுக்குப் போனேன். அவர் இல்லை, கோயிலுக்குப் போயிருந்தார். அவர் சம்சாரம் என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மா கேட்டுவிட்டு, "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ சரின்னு ஒரு வார்த்தை சொன்னார். அதுக்கப்புறம் இன்னி வரைக்கும் பிடிச்சிருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "நீங்கோ கேட்டுப் பாருங்கோ. என்னாலே ஆகலை."

அவர் வந்தார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே நான் பேச ஆரம்பித்துவிட்டேன். மரியாதை எல்லாம் பார்க்கவில்லை.

"நாளைக்கு ஆபீசுக்கு வந்து இன்னொரு வாட்டி சொல்லுதியளா, இல்ல எங்க அக்கா பிள்ளையைத் தூக்கிட்டு வந்து இங்க உங்க வீட்டுல விடட்டா?"

அந்த அம்மா உள்ளே போய்விட்டார். அவர் என்னையே பார்த்தார். தீபாராதனைக் கற்பூர வாசனை அவர் மேல் வந்தது.

"வரேன்" என்றார்.

மறுநாள் வந்தார். அங்கேதான் அவரை முழுசாகப் பார்த்தேன். பெரிய எஞ்சினீயர் இருந்தார், எண்ணெய்க் கம்பெனி ஆள் ஒருத்தரும் இருந்தார். நான் கதவோரம் நின்றேன். ஜங் சாப் முதலில் வாயைத் திறந்து மூடினார். ஏற்கெனவே சொன்னதைத் திரும்பச் சொல்வது அவருக்கு நடுத்தெருவில் வேட்டி அவிழ்ந்த மாதிரி இருந்திருக்க வேண்டும். ஆனால் ஆரம்பித்த பிறகு நிறுத்தவில்லை. கட்டிக்குத் தார் பூசியதைச் சொன்னார். மீட்டர் முள் எந்த எந்த இடத்தில் எப்படி நின்றது என்று சொன்னார். கட்டிகளைத் தோண்டியெடுத்துத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதுசு வைக்க வேண்டும் என்றார். கடைசியில், குடிசைகளுக்குக் கீழே பைப் எங்கே வேண்டுமானாலும் ஓட்டை விழலாம், ஒரு தீக்குச்சி போதும், உயிருக்கு ஆபத்து என்றார். இங்கிலீஷில் சொன்னார். அந்தக் கடைசிப் பேச்சு மட்டும் எனக்கு வார்த்தைக்கு வார்த்தை புரிந்தது. குரல் அப்போதும் உயரவில்லை.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பெரிய எஞ்சினீயர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கம்பெனி ஆள் அவருக்குக் கை கொடுத்தார். வெளியே வந்ததும் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கை ஈரமாக இருந்தது. டீ சாப்பிடலாமா என்று கேட்டேன். சரி என்றார். தெருக்கடையில் நின்று அவர் டீ குடித்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

புதுக் கட்டி வாங்க வெளிநாட்டுப் பணம் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஓட்டைக்கு மட்டும் இரும்புப் பட்டை போட்டு முடுக்கினால் போதும் என்றார்கள். பழைய கட்டிகள் தாரும் பட்டியுமாக அங்கேயே விடப்பட்டன. அவர் சொன்னதில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். குடிசைகள் இருக்கிற இடம் உயிருக்கு ஆபத்து. எஞ்சினீயரே சொல்லிவிட்டார். அதனால் குடிசைகளை எடு.

ஒரு காலையில் லாரியில் ஆட்கள் வந்தார்கள், கூடப் போலீஸ். அதே நாளில் ஓட்டை அடைத்த இடத்துக்குத் தார் பூச எங்கள் கேங்கையும் அனுப்பியிருந்தார்கள். நான் குழிக்குள் இருந்தேன். தலைக்கு மேலே என் சொந்த ஜனங்களின் வீடுகள் விழுகிற சத்தம் கேட்டது. மேஸ்திரி என்னைப் பார்க்காமல், "பூசுல, நின்னா அவனுங்க நிறுத்தப் போறானுங்களா" என்றார்.

குழி விளிம்பில் எட்டிப் பார்த்தேன். ஜங் சாப் வந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. மீட்டர் பையைக் கையில் வைத்துக்கொண்டு மேட்டில் நின்றார். அக்கா ஒரு டிரம் மேல் ஏறிக் கூரைத் தகரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கடப்பாரை வருவதற்குள் கழற்றிவிட்டால் தகரமாவது மிஞ்சும். அவள் புருஷன் போலீஸ்காரனிடம் கெஞ்சப் போயிருந்தான். அக்கா இவரைப் பார்த்து, "ஐயா, இந்தப் பக்கத்தை ஒரு கை பிடிங்க" என்றாள்.

அவர் மீட்டர் பையைச் சேற்றில் வைத்தார். இரண்டு கையாலும் தகரத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். அக்கா கம்பிகளைப் பிரிக்கிற வரைக்கும் அசையவில்லை. இறக்கி வைத்ததும் அடுத்த தகரம். அதுவும் ஆனதும் அதற்கடுத்தது. கடப்பாரைக்காரன் பக்கத்துக் குடிசையில் நின்று கத்தினான். இவர் அவனிடமும் பேசவில்லை, அக்காவிடமும் பேசவில்லை. எல்லாத் தகரத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார். என்னை அவர் பார்த்தாரா என்று தெரியாது. நான் குழியை விட்டு ஏறவில்லை.

கொஞ்ச நாளில் அவர் அந்த வேலையில் இல்லை என்று கேள்விப்பட்டேன். விட்டாரா, விடச் சொன்னார்களா, விசாரிக்கவில்லை. மாட்டுங்காவில் எத்தனையோ தடவை அவர் தெரு வழியாகப் போயிருக்கிறேன். ஏறிப் பார்க்கத் தோன்றியதில்லை. பார்த்து என்ன கேட்க? முதலிலேயே இரண்டு தடவை சொல்லியிருந்தால் அக்கா வீடு நின்றிருக்குமா? இரண்டாவது தடவை சொல்லாமலே இருந்திருந்தால் வெந்து போயிருப்பாளா? எப்படிப் புரட்டினாலும் அந்த இடத்தில் அவளுக்கு வீடு இல்லை. இதை யோசித்தால் எனக்கு அவர் மேல் இருக்கிற கோபம் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் அலைகிறது. இன்னமும் அலைகிறது.

குடிசைகளை எடுத்த அன்று சாயங்காலம் அக்காவும் குழந்தையும் அவள் புருஷனும் தாராவியில் என் ரூமுக்கு வந்தார்கள். நாங்கள் ஏற்கெனவே ஐந்து பேர் படுக்கிற ரூம். தகரங்களைச் சந்தில் போட்டிருந்தோம். அக்கா குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே கேட்டாள்.

"யாருலே அவரு, அந்த ஐயரு? கையைத் தகரம் கிழிச்சு ரத்தமா வந்துச்சு. விடவே இல்ல. உனக்குத் தெரிஞ்சவுகளா?"

எனக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"நான் ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனேன்க்கா. அவரு பைப் ஆபத்துன்னு சொன்னாரு. அதை வெச்சுத்தான் உங்களை எடுத்தாங்க."

அக்காவின் கை குழந்தையின் வாய்க்கு முன்னால் நின்றது. திட்டுவாள் என்று நினைத்தேன். அவளுக்கு என்னைத் திட்ட எல்லா உரிமையும் உண்டு. அவள் அடுத்த வாயை ஊட்டினாள்.

"கிணத்தை என்ன செஞ்சானுவ?"

"மண்ணைப் போட்டு மூடிட்டாங்க."

"பைப்பு?"

"அது அங்கனயேதான் கெடக்கு."

சந்தில் யாரோ தகரத்தின் மேல் மிதித்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. அக்கா குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு, தகரத்தை நிமிர்த்தி வைக்க எழுந்து போனாள்.